ராணுவத்தில் பெண்கள்: சீருடை கிடைத்தது 1992-ல், ஏணி கிடைத்தது 2020-ல்

புது தில்லி: பாகிஸ்தானிலும், பாகிஸ்தான் ஆக்கிரமிப்புக் காஷ்மீரிலும் இருந்த பயங்கரவாத முகாம்கள் மீது நடத்தப்பட்ட தாக்குதல் குறித்து 2025-ம் ஆண்டு மே 7-ம் தேதி உலகுக்கு அறிவித்தபோது, வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியுடன் இரு பெண் அதிகாரிகள் மேடையில் இருந்தனர். ஒருவர் விமானப் படையின் விங் கமாண்டர் வியோமிகா சிங். மற்றவர் தரைப்படையின் சிக்னல்ஸ் பிரிவைச் சேர்ந்த கர்னல் சோபியா குரேஷி.

கர்னல் குரேஷியின் பெயர் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற்றிருந்தது. 2016-ல் பன்னாட்டு ராணுவப் பயிற்சி ஒன்றில் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்த முதல் பெண் அதிகாரி என்று அவரை நீதிபதிகள் குறிப்பிட்டனர். அப்போது அவர் லெப்டினன்ட் கர்னல். அவர் ராணுவத்தில் சேர்ந்தது 1999-ல். பெண் அதிகாரிகளுக்கு 14 ஆண்டுகளே பணி என்ற விதி கடைசிவரை நிலைத்திருந்தால், அவரைப் போன்றவர்கள் 2013-ம் ஆண்டிலேயே சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பியிருக்க வேண்டும்.

அந்த விதி தானாக மாறவில்லை. அரசு மனமுவந்து மாற்றியதாகவும் சொல்ல முடியாது. நாடாளுமன்றமும் மாற்றவில்லை. பெண் அதிகாரிகள் நீதிமன்றங்களின் படிகளில் ஏறி இறங்கி மாற்றினர். பெண்களுக்கு வேலை தருவதும், அந்த வேலையில் அவர்கள் வளர்வதற்கு வழி விடுவதும் இரு வேறு காரியங்கள் என்பதை, இந்திய ராணுவத்தின் கடந்த முப்பது ஆண்டு அனுபவத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இன்னோர் உதாரணம் அரசுத் துறையில் இல்லை.

சட்டம் மூடிய கதவு

முதல் பொதுத் தேர்தல் நடைபெறுவதற்கு முன், தற்காலிக நாடாளுமன்றம் 1950-ல் ராணுவச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 12-வது பிரிவு, பெண்கள் எவரும் ராணுவப் பணியில் சேரத் தகுதியற்றவர்கள் என்கிறது. மத்திய அரசு அரசிதழ் அறிவிக்கையின் மூலம் குறிப்பிடும் பிரிவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. விமானப் படைக்கும் கடற்படைக்கும் இயற்றப்பட்ட சட்டங்களிலும் இதே போன்ற தடை இடம்பெற்றது.

பாலின அடிப்படையில் அரசுப் பணியில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. ஆயுதப் படையினரின் அடிப்படை உரிமைகளைத் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அந்த அதிகாரத்தின் நிழலில்தான் 12-வது பிரிவு நின்றது.

இதன் விளைவு என்ன? பெண்களை எந்தப் பிரிவில் சேர்ப்பது, எவ்வளவு காலம் வைத்துக்கொள்வது என்பன போன்ற கேள்விகள் அவையில் விவாதித்து முடிவு செய்யப்படும் விஷயங்களாக இல்லாமல் போயின. அமைச்சகக் கோப்பில் எழுதி, அரசிதழில் வெளியிட்டால் போதும் என்ற நிலை உருவானது. மருத்துவர், செவிலியர் பணிகளைத் தவிர ஏனைய அதிகாரி பதவிகளில் நாற்பதாண்டு காலம் பெண்களே இல்லை.

மருத்துவத் துறையில் இருந்தவர்களின் நிலையும் முழுப் பாதுகாப்பானதாக இல்லை. ராணுவச் செவிலியர் பிரிவில் லெப்டினன்டாகப் பணியாற்றிய ஒரு பெண், ராணுவ அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டதற்காக 1988-ல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். திருமணத்தைப் பணிநீக்கத்துக்கான காரணங்களில் ஒன்றாக ஏற்ற 1977-ம் ஆண்டின் ராணுவ உத்தரவு 1995-ல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த அதிகாரியின் வழக்கில் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பணிநீக்கம் தன்னிச்சையானது என்று கூறி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது உண்மை. ஆனால் அதற்கு 36 ஆண்டுகள் ஆயின. இழந்த பணிக்காலத்தை எந்த இழப்பீடும் திருப்பித் தராது.

ஐந்து, பத்து, பதினான்கு

1992 ஜனவரி 30-ம் தேதி வெளியான அறிவிக்கை, ராணுவத்தின் சட்டப் பிரிவு, கல்விப் பிரிவு, அஞ்சல் பிரிவு உள்ளிட்ட சிலவற்றில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க முதன்முறையாக வழிசெய்தது. அதே ஆண்டு டிசம்பர் 31-ல் சிக்னல்ஸ், பொறியியல், புலனாய்வு போன்ற பிரிவுகளும் பட்டியலில் சேர்ந்தன. அந்த ஆண்டில், சட்டம் பயின்ற இளம்பெண்ணான பிரியா ஜிங்கன், பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அப்போதைய தரைப்படைத் தளபதி சுனித் பிரான்சிஸ் ரோட்ரிக்ஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பின்னர் முதல் அணியின் 25 பெண்களில் முதல் பயிற்சி எண் அவருக்கே கிடைத்தது.

அந்த 25 பேரும் பயிற்சி பெற்ற இடம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமி. 1993 மார்ச் மாதம் அங்கிருந்துதான் அவர்கள் அதிகாரிகளாக வெளியே வந்தனர். ராணுவத்தில் பெண்களின் வரலாறு தமிழ் மண்ணில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையில்லை.

ஆனால் அந்தத் திட்டம் தொடக்கத்திலேயே ஒரு கணக்கோடு வகுக்கப்பட்டிருந்தது. பெண்களுக்கான பணிக்காலம் ஐந்து ஆண்டுகள் மட்டுமே. பின்னர் அது பத்தாகவும், அதன்பின் பதினான்காகவும் நீட்டிக்கப்பட்டது. ஆண்களுக்குப் பயிற்சி 49 வாரங்கள் என்றால், பெண்களுக்கு 24 வாரங்கள். 2006-ல் சிறப்புத் திட்டம் கைவிடப்பட்டு, குறுகிய காலப் பணி முறைக்குள் பெண்களும் கொண்டுவரப்பட்ட பிறகே பயிற்சிக் காலம் சமமானது.

குறுகிய காலப் பணியில் சேரும் ஆண்கள், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ளவர்கள் தேர்வு செய்யப்படுவார்கள். பெண்களுக்கு அந்த விண்ணப்பத்துக்கே இடமில்லை. இங்குதான் சிக்கலின் வேர் இருக்கிறது.

ராணுவ அதிகாரி ஒருவர் ஓய்வூதியம் பெறக் குறைந்தபட்சம் 20 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். 14 ஆண்டுகளில் வெளியேறுபவருக்குப் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் சேர்ந்த பெண், முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில் வெளியே வருகிறார். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பருவம் அது. எல்லைப்புறத்தில் தகவல் தொடர்பு நிலையத்தை நடத்திய அனுபவத்துக்கு வெளிச் சந்தையில் என்ன விலை? புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கும் வயதும் கடந்துவிட்டது.

பதவி உயர்விலும் இதே கதைதான். லெப்டினன்ட் கர்னல் பதவி வரை பணிக்காலத்தைப் பொறுத்துக் கிடைத்துவிடும். அதற்கு மேலே உள்ள கர்னல் பதவிக்குத் தேர்வு வாரியத்தின் பரிசீலனை தேவை. ஒரு படைப் பிரிவுக்குத் தலைமை வகிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் பதவியில்தான் கிடைக்கிறது. பதினான்காம் ஆண்டில் அனுப்பப்பட்டுவிடும் அதிகாரிக்கு அந்தப் படி கண்ணுக்குக்கூடத் தெரியாது.

பத்தாண்டு காத்திருப்பு

வழக்கறிஞர் பபிதா புனியா 2003-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பெண் அதிகாரிகளும் மனுதாரர்களாகச் சேர்ந்தனர். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2008 செப்டம்பரில், சட்டப் பிரிவிலும் கல்விப் பிரிவிலும் மட்டும் பெண்களுக்கு நிரந்தரப் பணி வழங்க அரசு முன்வந்தது. அதுவும் இனிமேல் சேருவோருக்கு மட்டும் என்றது. ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர்.

2010 மார்ச் 12-ல் நீதிபதிகள் சஞ்சய் கிஷண் கௌல், மூல் சந்த் கார்க் ஆகியோர் அடங்கிய அமர்வு, தரைப்படை, விமானப் படை ஆகிய இரண்டிலும் குறுகிய காலப் பணியில் இருந்த பெண்களுக்கு நிரந்தரப் பணி வழங்க உத்தரவிட்டது. விமானப் படை அதை ஏற்றுச் செயல்படுத்தியது. தரைப்படை உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடை விதிக்கப்படவில்லை என்பதை 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. ஆயினும் தீர்ப்பு செயல்படுத்தப்படவில்லை. பத்தாண்டுகள் கழிந்தன. இதற்கிடையே, 2018 சுதந்திர தின உரையில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கப்படும் என்று பிரதமர் செங்கோட்டையிலிருந்து அறிவித்தார். 2019 பிப்ரவரி 25-ல் அரசு புதிய கொள்கையை வெளியிட்டு, மேலும் எட்டுப் பிரிவுகளில் நிரந்தரப் பணிக்குக் கதவைத் திறந்தது. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் வாதாடும்போது, அலுவலகப் பணிகளில் மட்டுமே அவர்களை நியமிக்க முடியும், தலைமைப் பொறுப்பு தர முடியாது என்றது.

அரசுத் தரப்பு சமர்ப்பித்த குறிப்பில், படைவீரர்கள் பெரும்பாலும் கிராமப்புறத்திலிருந்து வரும் ஆண்கள் என்பதால் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலை அவர்களிடம் இல்லை, மகப்பேறும் குடும்பப் பொறுப்புகளும் பணிக்கு இடையூறு, உடல் வலிமையில் வேறுபாடு உண்டு என்றெல்லாம் காரணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. 2020 பிப்ரவரி 17-ல் தீர்ப்பளித்த நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், அஜய் ரஸ்தோகி ஆகியோர், இவை பெண்களைப் பற்றிய பழைய அனுமானங்களே தவிர, அரசியல் சட்டம் ஏற்கும் காரணங்கள் அல்ல என்று நிராகரித்தனர். பணிக்காலம் எவ்வளவாக இருந்தாலும் அனைத்துப் பெண் அதிகாரிகளையும் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்க வேண்டும், தலைமைப் பொறுப்புகளை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது, மூன்று மாதங்களுக்குள் உத்தரவை நிறைவேற்ற வேண்டும் என்றனர்.

அந்தத் தீர்ப்பில் தரப்பட்டுள்ள கணக்கின்படி, தரைப்படையில் அப்போது இருந்த பெண் அதிகாரிகள் 1,653 பேர். மொத்த அதிகாரிகளில் அது சுமார் 4 சதவீதம். அதே வேளையில், அனுமதிக்கப்பட்ட அதிகாரி பதவிகளில் 9,000-க்கும் மேற்பட்டவை காலியாக இருந்தன. ஆள் பற்றாக்குறை என்று கூறிக்கொண்டே, பயிற்சி பெற்ற ஆட்களை வெளியே அனுப்பிய விசித்திரம் இது.

கட்சி எல்லைகளைக் கடந்த ஓர் அம்சமும் இந்த வழக்கில் உண்டு. அப்போது புது தில்லி தொகுதியின் பாஜக மக்களவை உறுப்பினராக இருந்த மீனாட்சி லேகி, தன் கட்சியின் அரசுக்கு எதிராகப் பெண் அதிகாரிகளின் வழக்கறிஞராக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவருடன் பெண் அதிகாரிகளுக்காக வாதாடிய ஐஸ்வர்யா பாட்டி, பிற்காலத்தில் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாகி, இதே போன்ற வழக்குகளில் அரசுத் தரப்பில் நிற்க நேர்ந்தது.

தரைப்படைத் தீர்ப்புக்கு ஒரு மாதம் கழித்து, 2020 மார்ச் 17-ல், கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கும் அதே உரிமையை உச்ச நீதிமன்றம் வழங்கியது. ரஷியத் தயாரிப்புக் கப்பல்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வசதி இல்லை என்பதும் அங்கே முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று.

ரகசிய அறிக்கைகள் சொன்ன கதை

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். உண்மையான சோதனை அதன்பின்தான் வந்தது.

தீர்ப்பைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட சிறப்புத் தேர்வு வாரியம் 615 பெண் அதிகாரிகளைப் பரிசீலித்தது. நிரந்தரப் பணி கிடைத்தது 277 பேருக்கு. ஏனையோர் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2021 மார்ச் 25-ல் வெளியான அந்தத் தீர்ப்பு, முதல் தீர்ப்பைப் போலப் பரபரப்பாகப் பேசப்படவில்லை. ஆனால் பணியிடங்களில் பெண்கள் எப்படிப் பின்தங்க வைக்கப்படுகிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் படிக்க வேண்டியது அதைத்தான்.

ராணுவத்தில் ஓர் அதிகாரியின் எதிர்காலத்தை முடிவு செய்வது அவருடைய ஆண்டு ரகசிய அறிக்கை. மேலதிகாரி அதில் மதிப்பெண் இடுகிறார், நிரந்தரப் பணிக்கு உகந்தவரா என்பதையும் குறிப்பிடுகிறார். பெண்களுக்கு நிரந்தரப் பணி என்ற பேச்சே இல்லாத காலத்தில், அவர்களுடைய அறிக்கைகள் எந்த அக்கறையோடு எழுதப்பட்டிருக்கும்? சில ஆண்டுகளில் போய்விடப் போகிறவர்தானே என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட மதிப்பெண்களைக் கொண்டு, இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் தகுதி அளக்கப்பட்டது. போட்டிக்குரிய பயிற்சி வகுப்புகளும் பொறுப்புகளும் அவர்களுக்கு ஆண்களுக்கு இணையாகக் கிடைக்கவில்லை. கிடைக்காதவை குறைகளாகக் கணக்கில் ஏறின.

உடல்தகுதியிலும் இதே முறைதான். ஆண்கள் பணியில் சேர்ந்த ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில் பரிசீலிக்கப்படுகிறார்கள். பெண்கள் நாற்பது வயதைக் கடந்தபின், இளம் ஆண் அதிகாரிக்குரிய உடல்தகுதியைக் காட்டுமாறு கேட்கப்பட்டனர். முன்பே நிரந்தரப் பணி பெற்றுவிட்ட, அதே வயதுடைய ஆண் அதிகாரிகளிடம் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இன்னொருபுறம், பத்தாவது ஆண்டுக்குப் பின் பெண் அதிகாரிகள் பெற்ற பதக்கங்களும் பாராட்டுகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் விளைவு ஒன்றல்ல. இதையே மறைமுகப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 60 சதவீத மதிப்பெண் பெற்று, திருத்தி அமைக்கப்பட்ட உடல்தகுதியையும் ஒழுங்கு விதிகளையும் நிறைவு செய்யும் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க உத்தரவிட்டது.

அடுத்த படி கர்னல் பதவி. 2023 ஜனவரியில் கூடிய சிறப்பு வாரியம் 108 பணியிடங்களுக்காகப் பெண் அதிகாரிகளைப் பரிசீலித்தது. தேர்வானவர்கள் படைப் பிரிவுகளுக்குத் தலைமை ஏற்கத் தொடங்கினர். தேர்வாகாதவர்கள், தங்கள் ரகசிய அறிக்கைகளில் அண்மைக் காலத்தவை தவறாக விலக்கப்பட்டதாக முறையிட்டனர். அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, மீண்டும் வாரியத்தைக் கூட்ட உத்தரவிட்டது. ஏணியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வழக்கு எண் உண்டு என்னும்படி ஆயிற்று.

இந்த ஏணி எட்டாமலே போனவர்களும் உண்டு. 2006-க்கும் 2009-க்கும் இடையே விமானப் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட 32 பெண் அதிகாரிகள் நீண்ட காலம் வழக்காடினர். 2022 நவம்பரில், அவர்களை மீண்டும் பணியில் சேர்க்க இயலாது என்றும், 20 ஆண்டுகள் பணியாற்றியதாகக் கருதித் தகுதியுள்ளோருக்கு ஓய்வூதியம் வழங்கப் பரிசீலிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்குச் செலவும் மன உறுதியும் இல்லாமல் ஒதுங்கிப் போனவர்களின் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

அரசுத் தரப்பின் நியாயம்

ராணுவத்தின் வாதங்களை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அதிகாரிகளின் அமைப்பு கூம்பு வடிவிலானது. கீழே இளைஞர்கள் அதிகமாகவும், மேலே மூத்தவர்கள் குறைவாகவும் இருந்தால்தான் போர்க்களத்துக்குப் பொருந்தும். எனவே குறுகிய காலப் பணியில் சேரும் ஆண்களிலும் எல்லோருக்கும் நிரந்தரப் பணி கிடைப்பதில்லை. 2025 மே மாதம், நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட பெண் அதிகாரிகளின் மனுக்கள் விசாரணைக்கு வந்தபோது, படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்ற இந்த வாதத்தையே அரசு முன்வைத்தது. எல்லையில் மோதல் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. இத்தருணத்தில் அவர்களின் மன உறுதியைக் குலைக்க வேண்டாம் என்று கூறி, வழக்கு நிலுவையில் இருக்கும்வரை அவர்களைப் பணியிலிருந்து விடுவிக்கத் தடை விதித்தது உச்ச நீதிமன்றம்.

இளமை தேவை என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அந்த அளவுகோல் இரு பாலருக்கும் ஒரே வயதில், ஒரே தகவல்களைக் கொண்டு பொருத்தப்பட வேண்டும் என்பதே பெண் அதிகாரிகளின் கோரிக்கை. தகுதியில்லாதவருக்கும் பதவி கொடுங்கள் என்று எந்த மனுவிலும் அவர்கள் கேட்கவில்லை.

2025 ஆகஸ்ட் 11-ல் வெளியான தீர்ப்பு இதை உறுதிசெய்தது. ராணுவச் சட்டப் பிரிவுக்கான ஆள்சேர்ப்பில் ஆண்களுக்கு ஆறு இடங்கள், பெண்களுக்கு மூன்று இடங்கள் என ஒதுக்கப்பட்டிருந்தன. ஆண்கள் சிலரைக் காட்டிலும் கூடுதல் மதிப்பெண் பெற்ற பெண், இடமின்றி வெளியே நின்றார். 12-வது பிரிவின் கீழ் ஒரு பிரிவில் பெண்களை அனுமதித்துவிட்டால், அதன்பின் எண்ணிக்கையைக் காட்டி அவர்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று கூறிய நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் ஆகியோர், பொதுவான தரவரிசைப் பட்டியல் வெளியிட உத்தரவிட்டனர்.

பதினேழு வயதில் திறந்த கதவு

மேற்கண்டவை அனைத்தும் பட்டம் பெற்றபின் ராணுவத்தில் சேர்ந்த பெண்களின் போராட்டம். பள்ளிச் சிறுமிகளுக்கு 2021 வரை வேறொரு கதவு மூடியிருந்தது. அது புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாதெமி.

பிளஸ் 2 முடித்த மாணவன் அந்த அகாதெமியின் தேர்வை எழுதலாம். மூன்று ஆண்டுப் படிப்பும் பயிற்சியும் அரசின் செலவு. அங்கிருந்து வெளிவருபவருக்கு நிரந்தரப் பணி இயல்பாகவே கிடைக்கிறது. ராணுவத்தின் உயர் தளபதிகளில் பலர் அதன் மாணவர்களே. அதே பிளஸ் 2 தேர்வை எழுதிய மாணவி, பட்டம் பெறும்வரை காத்திருந்து, குறுகிய காலப் பணிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். பந்தயம் தொடங்கும் இடத்திலேயே அவர் சில ஆண்டுகள் பின்னால் நின்றார்.

2021 ஆகஸ்ட் 18-ல், மாணவிகளையும் தேர்வு எழுத அனுமதிக்குமாறு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர், 2010-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்த அதே சஞ்சய் கிஷண் கௌல். அடுத்த ஆண்டு மே மாதம் வரை அவகாசம் கேட்ட அரசின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. நவம்பர் 14-ல் தேர்வு நடந்தது.

விண்ணப்பித்த பெண்களின் எண்ணிக்கை 1.77 லட்சத்துக்கும் அதிகம். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 19. ஓர் இடத்துக்கு 9,000-க்கும் மேற்பட்ட மாணவிகள் போட்டியிட்டனர். பெண்களுக்கு ராணுவத்தில் ஆர்வமில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாதபடி அந்த ஒரு தேர்வு செய்துவிட்டது. அடுத்த ஆண்டுக்கும் அதே 19 இடங்கள் என்று அறிவிக்கப்பட்டபோது, அதற்கான காரணத்தை விளக்குமாறு 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசைக் கேட்டது.

2022-ல் சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே 30-ம் தேதி அகாதெமியிலிருந்து தேறி வெளிவந்தனர். அணிவகுப்பைப் பார்வையிட்டவர் மிசோரம் ஆளுநர் வி.கே. சிங். 2010-ம் ஆண்டின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டபோது தரைப்படைத் தளபதியாக இருந்தவர் அவரே. காலம் மாறியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்னும் கீழே, பள்ளி அளவிலும் மாற்றம் தொடங்கியது. மிசோரமின் சிங்சிப் சைனிக் பள்ளியில் 2018-19-ல் சோதனை முயற்சியாகச் சேர்க்கப்பட்ட மாணவிகள், 2021-22 முதல் எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பில் சேர்க்கப்பட்டனர். உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் உள்ள சைனிக் பள்ளியும் அவற்றில் ஒன்று.

அதிகாரி அல்லாத பதவிகளில் வளர்ச்சி மெதுவானது. ராணுவக் காவல் பிரிவில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 83 பெண்கள் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தனர். அதற்கு அடுத்த ஆண்டே அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுப் பணி, அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே தொடர்ச்சி என்பது அதன் விதி. ஆண், பெண் இருவருக்கும் அது பொதுவானதே. ஆயினும், அதிகாரிகள் நிலையில் தற்காலிகப் பணியை எதிர்த்துப் பெண்கள் வென்ற வேளையில், சாதாரணக் குடும்பப் பெண்கள் சேரும் நிலையில் தற்காலிகப் பணியே விதியானதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

நாடாளுமன்றத்தின் பங்கு

இத்தனை மாற்றங்களிலும் நாடாளுமன்றத்தின் பங்கு என்ன என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. எத்தனை பெண்கள் பணியில் உள்ளனர் என்று உறுப்பினர்கள் கேட்பதும், அமைச்சர் எண்ணிக்கையைத் தருவதும் தொடர்ந்து நடந்துவந்தன. கதவைத் திறந்தவை அறிவிக்கைகள். அதை அகலத் திறந்தவை நீதிமன்றங்கள். சட்டத்தை இயற்றிய அவை, அதன் 12-வது பிரிவை மறுபரிசீலனை செய்ய முன்வரவில்லை.

அவையின் தயக்கத்துக்குக் காரணம் வெளியே தேட வேண்டியதில்லை. 2024 பொதுத் தேர்தலில் மக்களவைக்கு வென்ற பெண்கள் 74 பேர், 543 இடங்களில். 2023 செப்டம்பரில் மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியபோதும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடுதான் நிறைவேற்றினார்கள். உரிமையை அறிவித்துவிட்டு, அதன் தேதியைத் தள்ளிப்போடும் வழக்கம் ராணுவத் தலைமையகத்துக்கு மட்டும் உரியதல்ல.

இரண்டு காரியங்களை நாடாளுமன்றம் செய்யலாம். தகுதியின்மையை விதியாகவும் அனுமதியை விலக்காகவும் வைத்திருக்கும் 12-வது பிரிவைத் தலைகீழாக மாற்றி எழுதலாம். அனுமதியை விதியாக்கி, எந்தப் பணியில் பெண்கள் கூடாது என்று அரசு கருதுகிறதோ அதற்கான காரணத்தை அவையில் தெரிவிக்கச் செய்யலாம். இரண்டாவதாக, ஆண்டுதோறும் எத்தனை பெண்கள் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்பட்டனர், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் கர்னலாயினர் என்ற கணக்கை அவையில் வைக்கச் சொல்லலாம். மொத்த எண்ணிக்கை கதவைப் பற்றி மட்டுமே சொல்கிறது. ஏணியைப் பற்றிச் சொல்லும் கணக்கு வேறு.

2021-ல் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த சிறுமி, 2028-ல் பிளஸ் 2 முடிப்பார். தேசிய பாதுகாப்பு அகாதெமியில் மூன்று ஆண்டுகளும், அதன்பின் ராணுவ அகாதெமியில் ஓராண்டும் பயின்றால், அவர் அதிகாரியாவது 2032-ல். கர்னல் பதவிக்கான வாரியத்தின் முன் அவருடைய கோப்பு வைக்கப்படும்போது இந்த நூற்றாண்டின் பாதி நெருங்கியிருக்கும். அந்தக் கோப்பில் உள்ள ஆண்டு அறிக்கைகள் 2032 முதல் எழுதப்படும். அவற்றை எழுதப்போகும் மேலதிகாரி, எதிரே நிற்பவர் நீடிக்கப் போகிறவர் என்ற எண்ணத்தோடு எழுத வேண்டும். அதற்குரிய சட்டத்தை இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் 1950 முதல் இருந்துவருகிறது.